கொஞ்சம் டொட்ஜி

பதினைந்து நிமிடம் இடைவேளை என்று சொல்லி அதில் இரண்டு நிமிடம் போயும் விட்டது. நகுலேஸ்வரி இன்னும் தண்ணீர் மெசினுக்கு முன்னால் கடதாசிக் கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கப் நிரம்பி விரலில் வழிந்தது, குளிர் உறைக்கவில்லை. டொட்ஜி. அந்த ஒரு ஆங்கிலச் சொல்தான். முப்பத்துமூன்று வருடமாக இந்த லண்டனில் இருக்கிறாள், பத்தொன்பது வருடமாக இதே தொழில், அகதித் தஞ்சம் கேட்டு வந்த சனம் தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும் அதிகாரிமார் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழிலும் மாற்றிச் சொல்லிக் கொடுக்கிற தொழில். எத்தனை ஆயிரம் சொல் இந்த வாயால் போய் வந்திருக்கும். ஒன்றுகூட இப்படி மீன்முள்ளு மாதிரித் தொண்டையில் நின்றதில்லை. அதுவும் பெரிய சொல்லா? சட்டச் சொல்லா? சந்தையில் மீன் விற்கிறவன் சொல்லுகிற சொல். மிஸ் ஹார்லண்ட் என்கிற அந்த அதிகாரிப் பெட்டை ஒலிப்பதிவு மெசினை நிற்பாட்டிவிட்டுக் கைகளை மேலே தூக்கிச் சோம்பல் முறித்தாள், கதவைத் திறந்து ஒரு மொட்டைத் தலையர் எட்டிப் பார்த்து எப்படிப் போகுது என்று கேட்டார், அவள் பென்சிலால் கடதாசியில் இரண்டு தட்டுத் தட்டி, "திகதிகள்தான் கொஞ்சம் டொட்ஜி" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சிரிக்கவுமில்லை, கோபமுமில்லை, மழை வரப்போகுது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். மேசைக்கு இந்தப் பக்கம் கமலரூபன் இருந்தான், நெல்லியடிப் பெடியன், பெடியன் என்ன, முப்பத்தைந்து வயது மேசன், விண்ணப்பம் அவனுடையது, உயிர் அவனுடையது. அவன் தலையை நிமிர்த்தி, "அக்கா, என்னவாம்?" என்று கேட்டான். "ஒண்டுமில்லை, இடைவேளையாம்" என்றாள் நகுலேஸ்வரி. வாய் கூசாமல் சொன்னாள். விண்ணப்பக்காரனுக்கு முன்னால் அறைக்குள் யார் என்ன பேசினாலும், இருமினால்கூட, அதை அவனுக்கு மாற்றிச் சொல்லவேண்டும் என்பது முதலாவது விதி. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு அவளே அதை வகுப்பெடுத்திருக்கிறாள்.

மெசின் நின்ற பிறகு சொன்னதுதானே, அது கணக்கில் வராது என்று ஒருக்கால் நினைத்தாள். உடனேயே, அடி பேய்ச்சி, நீ ஆருக்கு வக்கீல் வேலை பார்க்கிறாய் என்று தன்னையே ஏசினாள். சரி, மாற்றிச் சொல்லியிருந்தால் என்னவென்று சொல்லியிருப்பாள்? திகதியள் கள்ளமாம் என்றா? அவள் கள்ளம் என்று சொல்லவில்லையே. சுத்துமாத்து என்றா? ஐயோ, அந்தச் சொல்லைக் கேட்டால் அவன் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவான். பிசகு என்றால் போதாது, பிழை என்றால் கூடிப்போகும். ஒரு மாதிரி இருக்காம் என்று சொல்லலாம், ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி என்று அவன் கேட்பான், என்ன மறுமொழி சொல்வது? இந்தச் சொல்லை அவள் முதன்முதல் கேட்டது தொண்ணூறாம் ஆண்டு, ஈஸ்ட்ஹாமில் வாடகைக்கு இருந்த அறையில். வீட்டுக்காரன் சுடுதண்ணீர்ப் பாய்லரைக் காட்டி, தொடாதே பிள்ளை, அது டொட்ஜி என்றான். என்னவென்று விளங்காமல் இரண்டு நாள் அந்தப் பாய்லர் வெடிக்கும் வெடிக்கும் என்று குசினிப் பக்கமே போகாமல் பாணும் வாழைப்பழமும் தின்று கிடந்தாள். செல்லடிக்கும் குண்டுவீச்சுக்கும் தப்பி வந்தவளுக்குச் சுவரில் கொழுவிய தகரப் பெட்டிக்குப் பயம். பிறகு மீன்காரன் இறாலைத் தள்ளி வைத்து, அக்கா உது வேண்டாம், டொட்ஜி என்றான், அங்கே பழுது என்று விளங்கியது. மகன் ஆரூரன் பதினாறு வயதில், சிநேகிதன் ஒருத்தன் மலிவாக ஃபோன் விற்கிறான், ஆனால் ஆள் டொட்ஜி அம்மா என்றான், அங்கே களவு என்று விளங்கியது. பின்னேர வகுப்பில் ஆங்கிலம் படிப்பித்த மிஸிஸ் ஆல்டர்ட்டன் தன்னுடைய முழங்காலைத் தடவி, மாடிப்படி ஏறமாட்டேன், இது டொட்ஜி என்றா, பாவம் மனிசி, அங்கே களவும் இல்லை பழுதும் இல்லை, நம்பிக் காலை வைக்கேலாது, அவ்வளவுதான். நம்பிக் காலை வைக்கேலாது. அதுதானே மிஸ் ஹார்லண்டும் சொன்னது. இந்த ஆள் சொல்கிற திகதியில் நம்பிக் காலை வைக்கேலாது. அப்படி நினைத்தவுடன் நகுலேஸ்வரி கப்பிலிருந்த தண்ணீரில் பாதியைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். சுவர் மணிக்கூட்டில் நாலு நிமிடம் போயிருந்தது.

நடைவழியின் அந்தக் கோடியில் கமலரூபன் இருந்தான். அவனோடு இவள் இப்போது கதைக்கக்கூடாது, இடைவேளையில் மொழிபெயர்ப்பாளர் விண்ணப்பக்காரரோடு தேத்தண்ணி குடித்தாயா என்று கேட்டாலும் குற்றம், மேலே கமெரா இருக்கிறது. அவன் முழங்கைகளைத் துடையில் ஊன்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். சீமெந்து பட்டுப் பட்டுத் தடித்த விரல்கள், நகத்தோரம் வெளிறிப்போய். கோட்டு யாரோ தந்தது, தோள் பெரிது. அவனைப் பார்க்காதே என்று சொல்லிக்கொண்டு பார்த்தாள். பார்க்கப் பார்க்க அந்த மேசைக் கடதாசி திரும்பவும் கண்ணுக்குள் வந்தது, எவ்வளவு தள்ளிவிட்டாலும் வந்தது. லோயர் எழுதிக் கொடுத்த வாக்குமூலம். அதில் அவனைப் பிடித்த நாள் ஏப்ரல் எட்டு என்று இருந்த இடத்தில் பென்சிலால் கோடு. பக்கத்தில் பென்சிலாலேயே மூன்று, கேள்விக்குறி. எழுந்து வரும்போது தலைகீழாக அவள் அதைக் கண்டாள். எட்டு. மூன்று. வாக்குமூலத்தில் எட்டு, இன்றைக்கு வாயால் சொன்னதில் மூன்று. இன்றைக்கு வாயால் சொன்னது யாருடைய வாய்? அங்கேதான் நெஞ்சு பக்கென்றது. அவன் மூன்றென்று சொல்லவில்லையே. கடவுளே, அவன் எந்தத் திகதியும் சொல்லவில்லை. உங்களைப் பிடித்துக்கொண்டு போனது எப்போது என்று மிஸ் ஹார்லண்ட் கேட்டாள், அவன், "அண்ணான்ர அந்தியேட்டிக்கு அடுத்த நாள்" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. எங்கட சனம் அப்படித்தானே சொல்லும், செத்தவீட்டுக்கு முதல் நாள், எட்டுச்செலவுக்கு அடுத்த வெள்ளி, அந்தியேட்டிக்குப் பிறகு வந்த மழை. கலண்டரைப் பார்த்தா நாளை நினைவில் வைக்கிறது? அந்தியேட்டி என்றால் முப்பத்தோராம் நாள், சாவுத் துடக்குக் கழிகிற நாள், கீரிமலைக்குப் போய்ச் செய்கிற காரியம், யாழ்ப்பாணத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். மிஸ் ஹார்லண்டுக்குத் தெரியுமா? அதை ஆங்கிலத்தில் விளக்கவேண்டும், அவள் விரல்கள் கீபோர்ட்டில் காத்துக்கொண்டு நின்றன, போன மாதம் இன்னொரு அதிகாரி வேறு, சுருக்கமாய்ச் சொல்லுங்கோ, கதை வேண்டாம் என்று மூஞ்சியில் அடித்தாற்போலச் சொல்லியிருந்தார். மேசைக்குக் கீழே நகுலேஸ்வரியின் விரல்கள் தன்பாட்டில் எண்ணின. அண்ணன் செத்தது மார்ச் மூன்று, மரணச் சான்றிதழ் மேசையிலேயே கிடந்தது. செத்த நாளோடு சேர்த்து முப்பத்தொன்று எண்ணினால் ஏப்ரல் இரண்டு. அடுத்த நாள் ஏப்ரல் மூன்று. "ஏப்ரல் மூன்றாம் திகதி" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கெட்டிக்காரி! என்ன கெட்டிக்காரி! மிஸ் ஹார்லண்ட் டக்கென்று தட்டினாள். அரைமணி நேரம் கழித்து, வேறு ஏதோ கேள்விக்கு, "ஆசுப்பத்திரியிலை அண்ணான்ர பொடியை உடனை தரேல்லை அக்கா, மார்ச் எட்டாந்திகதிதான் தந்தவங்கள், அண்டைக்கே எரிச்சனாங்கள்" என்றான். அதையும் அவள் வரிக்கு வரி மாற்றிச் சொன்னாள். சொன்ன வாய்க்கு விளங்கவில்லை. எரித்த நாளிலிருந்து எண்ணியிருக்கிறார்கள் அந்த வீட்டில், வேறென்ன செய்வது, உடலே கையில் இல்லாதபோது. மார்ச் எட்டிலிருந்து முப்பத்தொன்று ஏப்ரல் ஏழு. அடுத்த நாள் எட்டு. வாக்குமூலம் சரி, அவன் சரி. அந்த ஐந்து நாளும் நகுலேஸ்வரி போட்டது.

பிறகு ஏன் எழும்பிப் போய்ச் சொல்லக்கூடாது? கதவு பத்து அடி. கால் ஓடவில்லையே, கோதாரி பிடிச்ச கால். சொன்னால் என்ன வரும் என்று நினைக்க நினைக்க ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. மொழிபெயர்ப்பாளர் தன்பாட்டில் திகதி கணக்குப் பார்த்தவ என்று எழுதுவார்கள். மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பார்கள். அது போகட்டும், ஐம்பத்துமூன்று வயதில் வேறெங்கேயாவது தட்டுக் கழுவலாம். ஆனால் அதோடு விடுவார்களா? பத்தொன்பது வருடத்துப் பதிவுகளையும் எடுத்துக் கேட்டால்? எத்தனை அந்தியேட்டியை, எத்தனை திவசத்தை, எத்தனை ஆடி அமாவாசையை இவள் மேசைக்குக் கீழே விரல்விட்டு எண்ணித் திகதியாக்கிக் கொடுத்திருப்பாள்? உதவி என்றுதானே செய்தாள். ஒரு நொடி மிச்சம் பிடித்து, அந்தச் சனம் மோட்டுச் சனம் மாதிரித் தெரியக்கூடாது என்று, ஒழுங்கான மனிசர் மாதிரி நாளும் மாதமும் சொல்கிற ஆட்கள் என்று காட்டவேண்டும் என்று. முல்லைத்தீவிலிருந்து ஒரு பெண் வந்தாளே, பச்சைக் கம்பளிச் சட்டை, பெயர் என்ன, பெயர் வருகுதில்லை, கேள்விக்கெல்லாம் பூரணையையும் அமாவாசையையும் சொன்னவள். நகுலேஸ்வரி எல்லாவற்றையும் திகதியாக்கினாள், அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது வேலை நல்லாச் செய்தேன் என்று ஒரு நிறைவு வேறு. அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு கோயிலில் யாரோ சொன்னார்கள். ஏன் அனுப்பினார்கள்? தெரியாது. இதனால்தானோ? தெரியாது. தெரியாது என்பதைத்தான் தாங்கமுடியவில்லை. நெற்றியைத் துடைக்கக் கைலேஞ்சி எடுக்கப் போனாள். அந்தக் கமெரா இதையும் பார்க்கும் என்று கையை மடியில் போட்டாள்.

டொட்ஜி எங்கேயிருந்து வந்தது என்று ஒருநாள் அந்த மிஸிஸ் ஆல்டர்ட்டனிடம் கேட்டாள். கேள்வி கேட்கிற புத்தி அப்போது இருந்தது. மனிசி தடித்த அகராதி ஒன்றைத் தூக்கி மேசையில் வைத்து, கண்ணாடியைப் போட்டு, டொட்ஜ் என்றொரு வினைச்சொல், விலகுவது, ஒதுங்குவது, ஆள் பிடிக்க வரும்போது அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாய்ந்து தப்புவது, அதற்கு ஒரு ஒட்டுப் போட்டால் டொட்ஜி, விலகித் தப்புகிற குணமுள்ளது என்று விளக்கினா. சரி, டொட்ஜ் எங்கேயிருந்து? மனிசி விரலை வரிக்கு வரி ஓட்டினா. நானூறு வருடத்துக்கு மேலாக எழுத்தில் இருக்கிறது, அதற்கு முதல் எந்த மொழியிலிருந்து வந்ததென்று திட்டமாய்த் தெரியாது, ஸ்கொட்லாந்துப் பக்கத்துச் சொல் ஒன்றோடு சொந்தமாயிருக்கலாம் என்று ஒரு ஊகம், அவ்வளவுதான் போட்டிருக்கு என்றா. வகுப்பே சிரித்தது. பேரும் ஊரும் தெரியாமல் வந்த சொல்லை உள்ளே விட்டு, நானூறு வருடம் சாப்பாடு போட்டு, மற்றவனை நம்பலாமா என்று கேட்க அதையே வைத்திருக்கிறார்கள் பாருங்கோ என்று நகுலேஸ்வரியும் அன்றைக்குச் சிரித்தாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. விலகித் தப்புவது. செல் கூவிக்கொண்டு வரும்போது சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ஒதுங்கினாளே, அதுவும் டொட்ஜ்தானே. அதைச் செய்யாத ஆள் ஒருத்தராவது இந்த நடைவழிக் கதிரைகளில் வந்து இருந்திருக்குமா? அவளும்தான் இருந்தாள், இதே மாதிரி ஒரு கட்டிடத்தில், இருபது வயதில், கையிலொரு பொலித்தீன் பையோடு. அவளுக்கு மாற்றிச் சொல்ல ஒருவர் வந்தார், கோட்டு, சூட்டு, அத்தர் மணம். அவள் மூன்று நிமிடம் அழுதழுது சொன்னதை அவர் ஒரே வசனத்தில் முடித்தார். அப்போது அவளுக்கு இங்கிலீசு அவ்வளவு தெரியாது, ஆனால் அளவு தெரியுமே, இவ்வளவு நீளத்துக்கு இவ்வளவுதானா என்று. இப்படியொரு மனிசராக நான் ஒருநாளும் இருக்கமாட்டேன் என்றுதான் இந்தத் தொழிலுக்கே வந்தாள். அன்றைக்கு அவளும் ஒரு திகதியை மாற்றித்தான் சொன்னாள், மாமா சொல்லித் தந்த திகதி, இரண்டு கிழமை வித்தியாசம். யாருக்கும் சொன்னதில்லை, புருசன் கண் மூடுமட்டும் அவருக்கும் சொல்லவில்லை. கையிலிருக்கிற பிரித்தானியக் கடவுச்சீட்டு சிவப்பிலிருந்து நீலமாக மாறியும் விட்டது, இன்னும் அரசாங்கத்தின் கபில நிறக் கடிதவுறை வாசலில் விழுந்தால் கை கால் விறைக்கும். கிளறத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும்? அவளைக் கிளறினால்? முப்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகுமா? ஓம், பயத்துக்கு வருடக் கணக்குத் தெரியுமா என்ன. எட்டு நிமிடம் போயிற்று, ஒன்பதும் போயிற்று.

ஒன்றும் சொல்லாமல் விட்டால் என்ன? இடைவேளை முடிய மிஸ் ஹார்லண்ட் கட்டாயம் கேட்பாள், வாக்குமூலத்தில் எட்டென்று இருக்கிறதே, நீங்கள் மூன்றென்றீர்களே, ஏன் என்று கேட்பாள். அவன் நான் மூன்றென்று சொல்லவேயில்லை என்பான். அதையும் நகுலேஸ்வரிதான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். சொல்லுகிறாள் என்று வை. தன் மொழிபெயர்ப்பாளரில் பழி போடுகிறான் என்று இன்னும் ஒரு கோடு விழும், அகப்பட்டவுடன் வழுவுகிறான் என்று. அப்படி எழுதி அவள் கண்ணாலேயே வாசித்திருக்கிறாள், திருப்பி அனுப்பியவர்களின் கடிதங்களில். ஒரு பொய்யான திகதி போதும், மற்றதெல்லாம் பொய்யென்று தள்ள. முதுகில் இருக்கிற தழும்பும் பொய், அண்ணன் செத்ததும் பொய். பிறகு விமானம், கொழும்புக் கட்டுநாயக்கா, இறங்குகிற இடத்திலேயே பிடித்துக்கொண்டு போக இரண்டு பேர். இந்தா, நடைவழிக் கோடியில் நகத்தைக் கடித்துக்கொண்டு இருக்கிற இந்த மனிசன். அவன் இப்போது தலையை நிமிர்த்தினான். இவள் முகத்தைப் பார்த்தான். கும்பிடவில்லை, கெஞ்சவில்லை, மெல்ல ஒரு சிரிப்புச் சிரித்தான், நாட்டு ஆளைக் கண்ட சிரிப்பு, என்ர கதையை வடிவாச் சொல்லுறா இந்த அக்கா என்கிற சிரிப்பு. நகுலேஸ்வரி தலையைத் திருப்பிக்கொண்டாள். ஐயோ, நீ என்னை நம்பாதை தம்பி. வாய் திறந்து சொல்லிவிட்டாளோ என்று திடுக்கிட்டு வாயைப் பொத்தினாள். சொல்லவில்லை. கதவு திறந்தது, வாங்கோ என்றாள் மிஸ் ஹார்லண்ட்.

அறைக்குள் அதே மேசை, அதே கடதாசி, அதே பென்சில். மெசினில் சிவப்பு வெளிச்சம் வந்தது. நேரம் பதினொன்று இருபத்தைந்து, நேர்முகம் மீண்டும் தொடங்குகிறது என்று மிஸ் ஹார்லண்ட் சொன்னாள், நகுலேஸ்வரி அதைத் தமிழில் சொன்னாள், குரல் நல்லாய்த்தான் வந்தது, இந்தத் தொழிலில் குரல் மட்டும் பயப்படுவதில்லை. மிஸ் ஹார்லண்ட் வாக்குமூலத்தைத் தன் பக்கம் இழுத்து, பென்சிலை அந்த எட்டில் வைத்து, "மிஸ்டர் கமலரூபன், நான் உங்களிடம் கேட்கவேண்டியது" என்று தொடங்கினாள். அப்போது நகுலேஸ்வரியின் கை தானாக மேலே எழும்பிற்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்ல விரும்புகிறா என்றாள் ஆங்கிலத்தில், அந்த அறையில் தன்னைப்பற்றி அப்படித்தான் சொல்லவேண்டும், இன்னொரு ஆளைப்பற்றிச் சொல்வதுபோல. அந்த ஏப்ரல் மூன்று விண்ணப்பக்காரர் சொன்னதல்ல. அவர் அண்ணனின் அந்தியேட்டிக்கு அடுத்த நாள் என்றுதான் சொன்னவர். அந்தியேட்டி என்றால் என்ன, அது எப்படி எண்ணுவது, உடல் கிடைத்தது மார்ச் எட்டாந்திகதி, எண்ணத் தொடங்கினது எங்கேயிருந்து, எல்லாம் சொன்னாள். இரண்டு நிமிடம் பிடித்தது. இரண்டே இரண்டு நிமிடம், காலையில் மிச்சம் பிடித்தது இவ்வளவையும்தான். மொழிபெயர்ப்பாளர் தன் பாட்டில் கணக்குப் பார்த்துத் திகதி சொன்னது பிழை. பிறகு இடைவேளையில் நீங்கள் திகதிகள் டொட்ஜி என்றதை அவருக்குச் சொல்லாமல் விட்டதும் பிழை. மிஸ் ஹார்லண்டின் முகம் கழுத்துவரை சிவந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இப்போது என்னிடம் சொன்னதை அவருக்கும் சொல்லுங்கள், ஒன்றையும் விடாமல்" என்றாள்.

நகுலேஸ்வரி அவன் பக்கம் திரும்பினாள். ஆங்கிலத்தில் சொல்வது லேசாயிருந்தது, தமிழில் சொல்லத்தான் நாக்கு இழுத்தது. "தம்பி, நீங்கள் அந்தியேட்டிக்கு அடுத்த நாள் எண்டு சொன்னதை நான் விளக்கிச் சொல்லேல்லை. நானே எண்ணி ஏப்ரல் மூண்டெண்டு சொல்லிப்போட்டன். வாக்குமூலத்திலை எட்டெண்டு கிடக்கு. உங்கட திகதியளிலை நம்பி நிக்கேலாதெண்டு இவ அந்த மனிசனுக்குச் சொன்னவ, நீங்கள் கேட்டும் நான் ஒளிச்சுப்போட்டன். பிழை உங்களிலை இல்லை. என்னிலைதான்." அவன் முதலில் மிஸ் ஹார்லண்டைப் பார்த்தான், பிறகு மெசினின் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தான், பிறகு இவளை. கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரட்டும், அடித்தாலும் வாங்கலாம் என்றிருந்தாள். அவன் மேசையில் குனிந்து, மெசினுக்குக் கேட்காது என்று நினைத்தானோ என்னவோ, குரலைத் தாழ்த்திக் கெதியாகக் கெதியாகச் சொன்னான். மிஸ் ஹார்லண்ட் கீபோர்ட்டில் விரல்களை வைத்துக்கொண்டு, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள். தனக்கு விளங்கிவிட்டதாம் என்று சொன்னால் போதும். யார் கண்டது? நகுலேஸ்வரி இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவன் சொன்னதை அவன் சொன்ன நீளத்துக்கே ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, அப்பிடிச் சொல்லாதையுங்கோ, உங்கட வேலை போயிடும். நான்தான் மாறிச் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ. என்னை எப்பிடியும் அனுப்பத்தான் போறாங்கள். நீங்களாவது இருங்கோ."

மிஸ் ஹார்லண்டின் விரல்கள் ஒன்றையும் தட்டவில்லை. இன்னொருமுறை சொல்லுங்கள், மெதுவாக, எழுதவேண்டும் என்றாள். நகுலேஸ்வரி இன்னொருமுறை சொன்னாள்.